செட்டிநாட்டில் வெப் டிசைன் தொழில்: வாய்வார்த்தையில் வேலை எடுக்காதீர்கள்

"நம்ம புள்ளதானே, பாத்துச் செய்யட்டும்." காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் தனியாக வெப்சைட் வேலை தொடங்குகிற பிள்ளைகளுக்கு முதல் வேலை பெரும்பாலும் இந்த வார்த்தையோடுதான் வரும். அன்பாகச் சொல்வதுதான். ஆனால் அதில் தொகை கிடையாது, தேதி கிடையாது, எத்தனை பக்கம் என்ற பேச்சும் கிடையாது. நல்ல கையுள்ள டிசைனர்கள் இரண்டொரு வருடத்தில் அலுத்துப்போய்ச் சென்னைக்கோ பெங்களூருக்கோ சம்பள வேலைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வேலையில் குறை இருந்ததில்லை. எது யாருடையது, யார் சொன்னால் முடிவு, எவ்வளவு பணம் எப்போது என்பதை எழுதி வைக்காததுதான் அவர்களை முடக்கியது.

அண்ணன் முறை, மாமன் முறை ஆகிறவரிடம் எப்படி எழுதிக் கேட்பது என்று தயங்குகிறார்கள். இந்த ஊரில் அந்தத் தயக்கத்துக்கு இடமே இல்லை. நகரத்தார் கல்யாணத்தில் இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து இசைகுடிமானம் என்கிற திருமண ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். பெண் கொடுத்து எடுக்கிற உறவுக்கே எழுத்து உண்டு. கூச்சம் ஏதும் கிடையாது. பேரேடும் ஐந்தொகையுமாகக் கடல் கடந்து கணக்கு எழுதிய குடும்பங்கள் உங்களிடம் வேலை கொடுக்கின்றன. ஒரு பக்கத்தில் நீங்கள் எழுதிக் கொண்டுபோனால் மரியாதை கூடுமே தவிரக் குறையாது.

அந்த ஒரு பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்? எந்தெந்தப் பக்கங்கள், அவற்றுக்கான எழுத்தையும் படத்தையும் யார், எந்தத் தேதிக்குள் தருவது, திருத்தம் எத்தனை முறை, பணம் எந்தெந்தக் கட்டத்தில். இவற்றைவிட முக்கியம், எதெல்லாம் இந்தத் தொகைக்குள் வராது என்பது. லோகோ, விசிட்டிங் கார்டு, தீபாவளி வாட்ஸ்அப் போஸ்டர், கூகுள் மேப்பில் கடையைச் சேர்ப்பது, பலகாரங்களைப் படம் எடுப்பது என்று 'கையோட கையா' ஒவ்வொன்றாக வந்து சேரும். ஒவ்வொன்றும் சின்ன வேலைதான். மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால் வெப்சைட்டைவிட அதுதான் அதிக நாளைத் தின்றிருக்கும். செய்து கொடுங்கள், ஆனால் தனி வரியாக, தனித் தொகையாக.

திருத்தம் என்றால் என்னவென்றும் எழுதிவிடுங்கள். நிறத்தை மாற்றுவது, படத்தை மாற்றுவது, வாசகத்தைச் செப்பனிடுவது திருத்தம். ஆன்லைன் ஆர்டர் வசதி சேர்ப்பது புது வேலை. இதைப் பாதியில் சொன்னால் சண்டை. முதலிலேயே சொன்னால் தகவல்.

முடிவு சொல்பவர் யார்?

இது செட்டிநாட்டுக்கே உரிய சிக்கல், இதைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. பெரிய வீடுகள் பலவும் ஒருவர் பெயரில் இல்லை. பங்காளிகள் பலருக்குப் பங்கு உண்டு. ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் சிங்கப்பூரில். கானாடுகாத்தானில் ஒரு வீட்டைத் தங்குமிடமாக மாற்றி வெப்சைட் போட வேண்டும் என்று ஓர் அண்ணன் கூப்பிடுவார். அவர் பார்த்துச் 'சரி தம்பி' என்பார். நீங்கள் வேலையை முடித்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவார். அங்கிருந்து தொடங்கும்: அய்யா படம் முதல் பக்கத்தில் இல்லையே, வளவை (நடு முற்றத்தை) காட்டியிருக்கிறீர்கள், எங்கள் பங்குப் பக்கத்தைக் காட்டவில்லையே, சாமி அறையை ஏன் காட்டினீர்கள்?

கேட்கிறவர்கள் மீது தப்பில்லை. அவர்கள் பாட்டன் கட்டிய வீடு. ஆகவே தொடங்கும் முன் கேளுங்கள்: "அண்ணே, கடைசியா யார் பாத்துச் சொல்லணும்? அவங்க ஒருத்தர் மூலமா மட்டும் எனக்குத் தகவல் வரட்டும்." அந்தப் பெயரை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வடிவத்தை முழுசாகக் கட்டிய பிறகு காட்டாதீர்கள். பக்கங்களின் அமைப்பை வெறும் கோட்டுப் படமாக வரைந்த நிலையிலேயே குடும்பத்துக்குக் காட்டச் சொல்லுங்கள். அந்தக் கட்டத்தில் மாற்ற அரை மணி நேரம் போதும்.

வீட்டைப் படம் எடுக்கவும், உங்கள் போர்ட்ஃபோலியோவில் போடவும் தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டும். ஆளில்லாமல் கிடக்கிற வீடுதானே என்று காவல்காரரிடம் சொல்லி உள்ளே போய் எடுத்த படம், பின்னால் பங்காளித் தகராறுக்கு நடுவில் உங்களைக் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

'செட்டிநாடு லுக்' என்கிற வலை

ஆத்தங்குடிக் கல்லின் (செட்டிநாட்டு வீடுகளின் பூவேலைத் தரை ஓடு) வடிவத்தை எடுத்து எல்லாப் பக்கத்துக்கும் பின்னணியாகப் போட்டுவிடுவது இங்கே அதிகம் நடக்கிற வடிவமைப்புத் தவறு. கல் அழகு, அதில் மறுப்பில்லை. கண்ணாடிப் பலகை மேல் அச்சு வைத்து, நிறம் கலந்த சிமென்ட்டை ஊற்றி, கையாலேயே ஆக்குவதால் ஒன்றுபோல் இன்னொன்று அச்சு அசலாக இருக்காது. ஒரே கல்லின் படத்தைக் கணினியில் நூறு முறை ஒட்டினால் அந்த உயிர்தான் முதலில் போகும். அதன் மேல் எழுத்தை வைத்தால் படிக்கவும் முடியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் வேறுபாடு வேண்டும் என்று பார்வைக் குறை உள்ளவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக உலக அளவில் வகுத்த அணுகல் விதிகள் சொல்கின்றன, இலவசமாகவே சரிபார்த்துக்கொள்ளலாம். கல்லைக் காட்ட ஆசையா? ஒரு நல்ல தரையை நேரில் போய், காலை வெளிச்சத்தில் படம் எடுத்து ஓர் இடத்தில் பெரிதாகக் காட்டுங்கள். மற்ற இடங்களில் அந்தத் தரையிலிருந்து எடுத்த இரண்டு நிறம் போதும்.

இணையத்தில் கிடைக்கிற படத்தை வைத்து ஒப்பேற்றுவது இதைவிட மோசம். செட்டிநாட்டு விருந்து என்று தலைப்பிட்டுக் கேரளத்து வாழையிலைப் படத்தையும், செட்டிநாட்டு வீடு என்று ராஜஸ்தான் ஜன்னலையும் போட்டிருப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. இங்கே இருக்கிறவருக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும். வெளிநாட்டுக்காரர் நேரில் வந்து ஏமாறுவார். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று வீடு எப்படி உள்ளே போகிறது என்பதை நடந்து பார்த்துவிட்டு வடிவமைத்தால், அந்த வெப்சைட்டை வேறு யாரும் செய்திருக்க முடியாது. உங்கள் பெயர் நிற்பது அப்படிப்பட்ட வேலையில்தான்.

அழகில் மூழ்கித் தகவலை மறந்துவிடுகிறவர்களும் உண்டு. தங்குமிடம் தேடுகிறவர் முதலில் கேட்பது: எப்படி வருவது? மதுரை, திருச்சி விமான நிலையங்கள் இரண்டுமே காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர். சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் நேராகக் காரைக்குடிக்கு வருகிறது. இந்த இரண்டு வரி இல்லாத ஹோட்டல் வெப்சைட் எவ்வளவு அழகாக இருந்தாலும் போன் நிற்காமல் அடிக்கும், அல்லது அடிக்கவே அடிக்காது.

படங்களின் எடையையும் பாருங்கள். போனில் எடுத்ததை அப்படியே ஏற்றினால் ஒவ்வொன்றும் பல எம்பி இருக்கும். முதல் பக்கத்தின் பெரிய படம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கிற அளவு. எடை குறைந்த WebP (வெப்பி) பட வடிவத்துக்கு மாற்றி, தேவையான அகலத்துக்குச் சுருக்கி ஏற்றுங்கள். கிராமத்துக்குள் சிக்னல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பள்ளத்தூரிலோ கோட்டையூரிலோ நின்று உங்கள் போனில் திறந்து பாருங்கள்.

தமிழைக் கடைசியில் ஒட்டுவது

ஆங்கிலத்தில் முழுதாகச் செய்துவிட்டுக் கடைசி வாரத்தில் தமிழைக் கொட்டுகிறார்கள். தமிழ்ச் சொற்கள் நீளம். 'கான்டாக்ட்' நின்ற பட்டனில் 'தொடர்புக்கு' நிற்காது, மெனு இரண்டு வரியாக உடையும். மேலே புள்ளி, விலங்கு, கீழே சுழி என்று எழுத்து உயர்ந்தும் தாழ்ந்தும் வருவதால் ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளி தமிழுக்கு நெருக்கும். தமிழை வைத்து முதலில் வடிவமையுங்கள், ஆங்கிலம் தானாக உள்ளே அடங்கும்.

இன்னொன்று: கோயில் வரலாறு, குடும்ப வரலாறு, பத்திரிகை வாசகம் எல்லாம் அச்சகத்துக் கணினியில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கும். அப்படியே எடுத்து ஒட்டினால் குப்பை எழுத்தாக வரும். எல்லாக் கணினியிலும் போனிலும் தெரிகிற யூனிகோடு எழுத்துக்கு மாற்றி, மாற்றிய பிறகு ஒரு தடவை முழுக்கப் படித்துப் பிழை திருத்த வேண்டும். ஊர்ப் பெயரிலும் ஆள் பெயரிலும்தான் பிழை நுழையும். இதற்கு ஆகும் நேரத்தையும் தொகையில் சேருங்கள். எழுத்துருவுக்கு அலைய வேண்டாம். முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன், நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் வணிக வேலைக்கும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய திறந்த உரிமம் கொண்டவை.

எது யாருடையது

டொமைனை (வெப்சைட்டின் முகவரிப் பெயரை) உங்கள் மெயில் ஐடியில், உங்கள் பெயரில் வாங்காதீர்கள். வசதிக்காகச் செய்வதுதான். நாளை நீங்கள் வெளிநாடு போனாலோ, இருவருக்கும் மனக்கசப்பு வந்தாலோ அவர் கடைப் பெயர் உங்கள் கையில் மாட்டிக்கிடக்கும். புதுப்பிக்கத் தவறினால் பெயரே வேறு யாருக்கோ போகும். கிளையன்ட்டின் மெயில், கிளையன்ட்டின் கார்டு, அவர் பெயரில் பதிவு. கூட உட்கார்ந்து செய்து கொடுங்கள். வருடா வருடம் புதுப்பிப்பதை ஞாபகப்படுத்துவது, பேக்கப் எடுப்பது, பிளகின் (வெப்சைட்டில் சேர்க்கும் கூடுதல் வசதி) அப்டேட் செய்வது இவற்றுக்கு வருடப் பராமரிப்புத் தொகை என்று தனியாக எழுதுங்கள். சின்னத் தொகையானாலும் பத்துப் பேர் கொடுத்தால் வேலை வராத மாதத்தையும் ஓட்டிவிடலாம்.

விலை கொடுத்து வாங்க வேண்டிய 'தீம்' என்கிற ஆயத்த வடிவமைப்பைத் திருட்டு நகலாக இறக்கிப் போடுவது அடுத்தது. உள்ளே என்ன குறியீடு ஒளிந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாள் கிளையன்ட்டின் வெப்சைட் சூதாட்டப் பக்கத்துக்குத் தாவும். அப்போது அவர் அந்த வடிவமைப்பையா திட்டுவார்?

நீங்கள் செய்த வடிவமைப்பு யாருடையது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் படைத்தது பொதுவாக முதலாளிக்குச் சேரும். தனியாகச் செய்து கொடுக்கிறவருக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், அவரே முதல் உரிமையாளர். உரிமையை மாற்றிக்கொடுப்பது கையெழுத்திட்ட எழுத்தில்தான் செல்லும். எவ்வளவு காலம் என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு, எந்த எல்லைக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். பணம் வாங்கிக்கொண்டு எடுத்துக் கொடுத்த புகைப்படம் போன்ற சிலவற்றுக்கு விதி வேறு: எழுதாவிட்டால் அது பணம் கொடுத்தவருடையது. ஆகவே 'கடைசித் தவணை வந்ததும் முழு உரிமையும் கிளையன்ட்டுக்கு, போர்ட்ஃபோலியோவில் காட்டும் உரிமை எனக்கு' என்று ஒரு வரி எழுதிவிட்டால் இரண்டு பேருக்கும் நிம்மதி.

பணம்

பக்கத்துக்கு இவ்வளவு என்று விலை சொல்வதை விடுங்கள். தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை செய்து விற்கிற ஓர் ஆச்சிக்கு மூன்றே பக்கம் இருக்கலாம். ஆனால் அதற்குள் ஆர்டர், பேமென்ட், கூரியர் எல்லாம் வேலை செய்ய வேண்டும். பேமென்ட் கேட்வே (ஆன்லைனில் பணத்தை வாங்கித் தரும் நிறுவனம்) அனுமதி தர, பணம் திருப்பித் தரும் விதிமுறை, தனியுரிமை, தொடர்பு முகவரி ஆகிய பக்கங்கள் கேட்பார்கள். ஆன்லைனில் பொட்டலம் விற்றால் நிகர எடை, விலை, தயாரித்தவர் விவரம் காட்ட வேண்டும், உணவு உரிம எண்ணும் வேண்டும். இதைக் கடைசி நாளில் கண்டுபிடித்தால் தீபாவளி ஆர்டர் போய்விடும்.

பாதித் தொகை தொடங்கும் முன், கால் பங்கு வடிவத்தை ஒப்புக்கொண்டதும், மிச்சம் வெப்சைட் வெளியே போவதற்கு முன். 'எல்லாம் முடிச்சிட்டு மொத்தமா வாங்கிக்க' என்றால் பணிவாக மறுத்துவிடுங்கள்.

இழுத்தடிக்கிறவர்களுக்குச் சட்டத்தில் வழி உண்டு, நம் ஆட்களில் பலர் பயன்படுத்துவதே இல்லை. மத்திய அரசின் உத்யம் தளத்தில் ஆதாரை வைத்துக் குறுந்தொழிலாகப் பதிவு செய்ய எந்தக் கட்டணமும் கிடையாது. வேலை எடுக்கும் முன்பே செய்துவிடுங்கள். 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, வேலையைப் பெற்றுக்கொண்டவர் ஒப்பந்தத்தில் எழுதிய நாளுக்குள், எப்படியும் 45 நாளுக்கு மேல் போகாமல் பணம் தர வேண்டும். நாள் எழுதவில்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கில், மாதா மாதம் கூட்டு வட்டி. எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். பெரும்பாலும் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது. இன்வாய்ஸின் அடியில் உத்யம் எண்ணையும் இந்த 45 நாள் விதியையும் அச்சிட்டு அனுப்பினாலே கணக்குப்பிள்ளை எடுத்துப் பார்ப்பார்.

இன்வாய்ஸ் வரிசை எண்ணோடு இருக்கட்டும், ஜிபேயில் வந்ததையும் எழுதுங்கள். வருட வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும்; அதை நெருங்கும்போதே, வெளிநாட்டுப் பணம் வரத் தொடங்கும்போதே, ஊரில் ஓர் ஆடிட்டரைப் போய்ப் பாருங்கள். ஃபைவர் போன்ற ஃப்ரீலான்ஸ் தளங்களில் வேலை எடுக்கிறவர்கள், ஃபைவர் பிடிக்கிற 20 சதவீதம் போன்ற கமிஷனையும் சேர்த்து விலை சொல்ல வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.