விண்டோஸ் 11-க்கு மாறியதும் பிரிண்டர் மக்கர் செய்கிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், பலரும் 11-க்கு மாறி வருகிறார்கள். மாறிய மறுநாள் பிரிண்ட் வரவில்லை என்றதும், "பழைய பிரிண்டர், தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாம்" என்று முடிவு கட்டுவதுதான் மிகப் பெரிய தவறு. பெரும்பாலும் பிரிண்டரில் ஒரு கோளாறும் இருக்காது. ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன் சிலவற்றைப் பார்த்துவிடுங்கள்.

முதலில் போர்ட், அதாவது பிரிண்டர் கணினியோடு இணையும் வழி. யுஎஸ்பி பிரிண்டர் முன்பு 'யுஎஸ்பி001' என்ற போர்ட்டில் இருந்திருக்கும். கேபிளை வேறு துளையில் செருகினாலோ, டிரைவரை (பிரிண்டரைக் கணினி இயக்க உதவும் மென்பொருள்) மறுபடி நிறுவினாலோ அது 'யுஎஸ்பி002' ஆகிவிடலாம். கணினியின் பட்டியலில் உள்ள பழைய பிரிண்டர் பெயரோ இன்னும் 001-ஐயே பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் அனுப்பும் பக்கங்கள் எல்லாம் வரிசையில் தேங்கும், பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்று காட்டும். பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் போர்ட்ஸ் பக்கத்தைத் திறந்து சரியான போர்ட்டில் டிக் அடித்தால் போதும், டிரைவரைத் தொடவே வேண்டாம். பட்டியலில் அதே பிரிண்டர் 'காப்பி 1' என்று இன்னொரு முறை தெரிந்தால் இந்தச் சந்தேகம் உடனே வர வேண்டும்.

அடுத்தது, பிரிண்டரோடு வந்த பழைய சிடியை நம்புவது. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. 32 பிட் டிரைவர் மட்டும் உள்ள சிடியை எத்தனை முறை போட்டாலும் பலன் இல்லை. தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து 64 பிட் டிரைவரைத் தேடுங்கள். விண்டோஸ் 10-க்கு என்று போட்டிருந்தாலும் 64 பிட்டாக இருந்தால் பெரும்பாலும் 11-இல் ஓடும்.

ஏதோ ஒரு பொது டிரைவரைப் போட்டு ஒப்பேற்றலாம் என்பது எல்லா பிரிண்டருக்கும் பொருந்தாது. பிசிஎல், போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பிரிண்டர் மொழிகளைப் புரிந்துகொள்ளும் பிரிண்டருக்குப் பொது டிரைவர் சரிவரும். எச்பி லேசர்ஜெட் 1020 அப்படியல்ல. பக்கத்தை உருவாக்கும் வேலை முழுவதையும் கணினியே செய்கிறது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் பிரிண்டருக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரைக்கூடக் கணினியிலிருந்துதான் ஏற்ற வேண்டும். இந்த வகைக்கு அதற்கே உரிய டிரைவர் இல்லாமல் ஒரு வரிகூட வராது.

'எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிக்கிறோம்' என்று வரும் மென்பொருள்கள் பக்கம் போகவே போகாதீர்கள்.

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் 'விண்டோஸ் புரொடெக்டட் பிரிண்ட் மோட்' என்று ஒரு வசதி இருக்கிறது. பெயரைப் பார்த்துப் பாதுகாப்புக்கு நல்லதுதானே என்று பழைய பிரிண்டர் வைத்திருப்பவர்கள் அதை ஆன் செய்துவிட வேண்டாம். மோப்ரியா என்ற அமைப்பின் சான்று பெற்ற பிரிண்டர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். மற்றவை வேலை செய்யாமல் போகும்.

அப்புறம், இடம் அடைக்கிறது என்று 'விண்டோஸ்.ஓல்டு' ஃபோல்டரை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். 10-இலிருந்து நேரடியாக அப்கிரேடு செய்தவர்கள் வழக்கமாக 10 நாள்களுக்குள் பழையபடி திரும்பிப் போகலாம். அதற்கு அந்த ஃபோல்டர் இருந்தாக வேண்டும். அந்த 10 நாளுக்குள் பில், கடிதம், ஸ்கேன் என்று நீங்கள் வழக்கமாகச் செய்யும் எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.