யானைக் குட்டிகளின் விளையாட்டு: சஃபாரியில் படமெடுப்பதும் பிறகு திருத்துவதும்

ஆப்பிரிக்கச் சஃபாரிக்குச் சென்று திரும்புவோரின் படங்களில் நிற்கும் யானைகள் நிறைய இருக்கும். விளையாடும் யானை ஒன்றிரண்டுதான் இருக்கும், அதுவும் பெரும்பாலும் பின்புறத்தைக் காட்டியபடி இருக்கும். விளையாட்டு தொடங்கிய பிறகு கேமராவைத் தூக்குவதால் நேரும் குறை இது. தொடங்கப்போகிறது என்பதை யானையின் உடலே சில நொடிகளுக்கு முன்பு சொல்லிவிடுகிறது என்பதால், ஷட்டர் வேகத்தைப் பேசுவதற்கு முன்பு யானையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

பிறக்கும்போதே ஏறத்தாழ 100 கிலோ எடையுள்ள குட்டிக்குத் தும்பிக்கையை எப்படிப் பயன்படுத்துவது என்பது தெரியாது. முதல் சில மாதங்களில் அதைச் சுழற்றிப் பார்க்கும், தானே மிதித்துத் தடுமாறும், வாய்க்குள் வைத்துச் சப்பும். தும்பிக்கையால் நீரை உறிஞ்சத் தெரியாததால் குனிந்து வாயாலேயே குடிக்கும். தாயின் வயிற்றுக்கடியில் தாராளமாக நுழையும் உயரத்தில் ஒரு குட்டி தென்பட்டால் அதற்கு ஒரு வயது நிரம்பவில்லை என்று பொதுவாகக் கொள்ளலாம். அத்தகைய குட்டி இருக்கும் கூட்டத்தைக் கண்டால், அடுத்த விலங்கைத் தேடிப் போகாமல் ஒரு மணி நேரமாவது அங்கேயே காத்திருக்கும்படி வழிகாட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சற்று வளர்ந்தவை விளையாடும்போது உடல் முழுவதும் தளர்ந்துவிடும். தலையை இருபுறமும் ஆட்டியபடி, காதுகள் தொய்ந்து அடிக்க, தும்பிக்கை கட்டுப்பாடின்றி ஊசலாட, நேர்கோட்டில் இல்லாமல் வளைந்து வளைந்து ஓடும். இளம் ஆண் யானை தன்னைவிடச் சிறியதன் முன் முழங்காலிட்டாலோ படுத்தாலோ அது விளையாட்டுக்கான அழைப்பு. அடுத்த நொடியில் சிறியது முதுகின்மேல் ஏற முயலும், ஆகவே குவியத்தை அப்போதே பிடித்துவைத்திருக்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, தலை உயர்ந்து, காதுகள் விரிந்து நிலைகுத்தி, உடல் முழுவதும் இறுகி உங்களை நோக்கித் திரும்பியிருந்தால் அது எச்சரிக்கை. கன்னப்பகுதியில் மதநீர் வழிய, சிறுநீர் சொட்டியபடி வரும் ஆண் யானைக்கு வழிவிட்டு விலகிச் செல்வதே முறை. குட்டிக்கும் தாய்க்கும் இடையில் வண்டி நுழையக் கூடாது என்பதையும், ஓசை எழுப்பியோ வண்டியைத் தட்டியோ யானையின் கவனத்தை ஈர்க்கக் கூடாது என்பதையும் எந்தப் படத்துக்காகவும் தளர்த்த வேண்டாம். பயந்த குட்டி தாயின் கால்களுக்கிடையே புகுந்துகொள்ளும். அதன்பின் விளையாட்டே இருக்காது.

ஒளியும் விளையாட்டும் ஒரே நேரத்தில் வாய்ப்பதில்லை என்பதே இத்துறையின் பெரிய சிக்கல். கென்யாவின் அம்போசெலியில் யானைகள் காலையில் வறண்ட ஏரிப்படுகையைக் கடந்து சதுப்பு நிலத்துக்கு வருகின்றன, மாலையில் திரும்புகின்றன; நீரிலும் சேற்றிலும் புரளும் நேரம் பெரும்பாலும் வெயில் ஏறிய பிறகே அமைகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள இடமாதலால் சூரியன் வேகமாக மேலேறிவிடும், மென்மையான ஒளி சிறிது நேரமே நிற்கும். அங்கு நான் பரிந்துரைப்பது, அதிகாலையில் புழுதி கிளப்பி வரும் வரிசையைச் சூரியனுக்கு எதிராக எடுப்பதும், நடுப்பகலில் ஈரத்தில் மின்னும் சேற்றுத் தோலை மட்டும் நெருக்கமாக எடுப்பதும் ஆகும். வெயில் ஏறியபின் தொலைவிலிருந்து எடுக்கும் படங்களைக் கானல் கெடுத்துவிடும். எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

போட்ஸ்வானாவின் சோபே ஆறு இதற்கு இனிய விதிவிலக்கு. வறட்சி மாதங்களில் யானைக் கூட்டங்கள் பிற்பகலில் ஆற்றுக்கு இறங்குகின்றன. தேசியப் பூங்கா தென்கரையில் இருப்பதாலும், அம்மாதங்களில் சூரியன் வட வானில் சாய்ந்திருப்பதாலும், படகிலிருந்து கரையைப் பார்க்கும்போது ஒளி உங்கள் முதுகுப்புறத்திலிருந்து விழும். படகில் அமர்ந்தால் கேமரா நீர்மட்டத்துக்கு அருகில் வந்துவிடுகிறது. குட்டியின் கண்மட்டத்தில் எடுத்த படத்தில் அது தன் உலகத்தில் இருப்பதாகத் தெரியும், வண்டியின் கூரையிலிருந்து எடுத்தால் சிறு மூட்டை போலத் தெரியும்.

இனி அமைப்புகள். 100–400 மி.மீ. லென்ஸ் பெரும்பாலான சூழலுக்குப் போதும். அதைவிட நீண்ட லென்ஸ் மட்டும் வைத்திருப்பவர்கள் யானை நெருங்கி வரும்போது காதை மட்டும் எடுக்க நேர்கிறது. ஷட்டர் வேகத்தைப் பொறுத்தவரை, சிதறும் நீர்த்துளிகளை உறையவைக்க விநாடியில் 2000இல் ஒரு பங்கும், ஓடும் குட்டிக்கு 1250இல் ஒரு பங்கும், மெதுவாகத் தள்ளிக்கொள்ளும் இரு இளம் யானைகளுக்கு 800இல் ஒரு பங்கும் தேவை. லென்ஸின் ஒளித்துளையான அபெர்ச்சரைக் கவனியுங்கள் (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறுத்து, கூர்மையான ஆழம் கூடும்): முழுச்சட்டகக் (35 மி.மீ. படச்சுருள் அளவுச் சென்சார் கொண்ட) கேமராவில் 400 மி.மீ. லென்ஸை எஃப் 5.6இல் வைத்து 20 மீட்டர் தொலைவில் குவித்தால், கூர்மையாகத் தெரியும் ஆழம் ஒரு மீட்டருக்கும் குறைவு. இரண்டு தலைகளில் ஒன்று மங்கிவிடும் என்பதால் எஃப் 8 அல்லது எஃப் 11க்குச் சென்று, ஐ.எஸ்.ஓ. எனப்படும் ஒளியுணர்திறன் தானாக உயர விட்டுவிடுங்கள். படத்தில் சற்று இரைச்சல் (புள்ளித்துகள்கள்) சேர்ந்தாலும் பின்னர் குறைத்துக்கொள்ளலாம். அசைவால் குழம்பிய கண்ணைத் திரும்பப் பெற இயலாது.

கேமராவின் ஒளிமானி, கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட நடுச்சாம்பலை அடிப்படையாகக் கொண்டது. உலர்ந்த யானையின் நிறமும் ஏறக்குறைய அதுவே. நனைந்தவுடன் யானை கறுத்துவிடுவதால் கேமரா தேவைக்கு மேல் வெளிச்சத்தைக் கூட்டிவிடும். சட்டகத்தை யானை நிறைத்திருந்தால் வெளிச்சத்தை அரை நிறுத்தம் முதல் முக்கால் நிறுத்தம் வரை குறையுங்கள் (ஒரு நிறுத்தம் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). நமீபியாவின் எத்தோஷாவில் வெண்புழுதி பூசிய யானை வெளிறிய நிலத்தில் நிற்கும்போது அதே அளவு கூட்டுங்கள். வண்டியின் எஞ்சினை நிறுத்தச் சொல்லி, பயறு நிரப்பிய துணிப்பையைச் சன்னலின் மேல் வைத்து லென்ஸைத் தாங்குங்கள். புழுதிக்கிடையே லென்ஸை மாற்ற வேண்டாம்.

திருத்தும் வேலை தேர்வில் தொடங்குகிறது. ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலக்கோப்பாக) எடுத்த தொடர்படங்கள் நாற்பது இருந்தால், கண் தெரிகிறதா, தும்பிக்கையின் நுனி சட்டகத்துக்குள் இருக்கிறதா, கால் தரையிலிருந்து உயர்ந்திருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்து இரண்டு படங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டும்போது ஓடும் திசையில் இடம் விடுங்கள்.

நிறத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். யானை சாம்பல் நிறம்தானே என்று, நிறச்சாயலைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலைக் கருவியை அதன் தோலில் வைத்துச் சொடுக்கினால், பூசியிருக்கும் மண்ணின் நிறம் கழிந்து படம் முழுவதும் நீலம் பாய்ந்துவிடும். கென்யாவின் சாவோவில் யானைகள் செம்மண்ணால் சிவந்தே இருக்கின்றன. அந்தச் சிவப்பு அவ்விடத்தின் அடையாளம். நிழலில் எடுத்த படத்தில் மட்டும், தந்தம் இளமஞ்சளாகத் தெரியும்வரை திருத்து மென்பொருளில் நிற வெப்பநிலையைச் சிறிது உயர்த்தினால் போதும். மங்கலை நீக்கும் டீஹேஸ் என்னும் கருவியைப் புழுதிப் படத்தில் மிகச் சிறிதளவே பயன்படுத்த வேண்டும், ஏனெனில் குட்டி பாடுபட்டுக் கிளப்பிய புழுதியைத்தான் அது முதலில் துடைக்கும். நுண்விவரங்களைத் துலக்கும் கிளாரிட்டியை முழுப் படத்துக்கும் ஏற்றினால் தோல் செதுக்கிய பாறை போலாகிவிடுகிறது. பெரிய யானையின் நெற்றிக்கும் துதிக்கை மடிப்புகளுக்கும் மட்டும் முகமூடி போட்டு (திருத்தம் அப்பகுதியில் மட்டும் படும்படி தேர்ந்து) சற்றே கூட்டி, குட்டியின் மென்மயிர் படர்ந்த தலையை அப்படியே விட்டுவிடுவதை நான் விரும்புகிறேன். தாயின் நிழலில் குட்டியின் கண் கறுத்திருந்தால் அந்தக் கண்ணை மட்டும் அரை நிறுத்தம் உயர்த்தலாம். அதற்கு மேல் போனால் கண் விளக்குப் போல எரியும்.

சட்டகத்தின் ஓரத்தில் நிற்கும் மற்றொரு யானையின் பின்காலை அழித்துவிடலாமா என்ற ஆசை எல்லாருக்கும் வரும். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் ‘ஆண்டின் சிறந்த வனவிலங்குப் புகைப்படக் கலைஞர்’ போட்டியின் விதிகள் சென்சாரில் படிந்த தூசிப்புள்ளியை நீக்க அனுமதிக்கின்றன, காட்சியில் இருந்த பொருளை நீக்கவோ இல்லாததைச் சேர்க்கவோ அனுமதிப்பதில்லை. போட்டிக்கு அனுப்பாவிட்டாலும் இந்த எல்லையையே நான் கடைப்பிடிக்கிறேன். படக்குறிப்பிலும் அதே நேர்மை வேண்டும்: காது விரித்து எச்சரித்த தாயின் படத்துக்குக் குறும்பு என்று பெயரிட்டால், அதைப் பார்ப்பவர் நாளை அதே நிலையில் நிற்கும் யானையை நெருங்கிச் செல்வார். கடைசியாக, வெளியிடும் முன்பு கோப்பிலிருந்து இடக்குறிப்பு விவரத்தை நீக்கிவிடுங்கள். நீண்ட தந்தமுள்ள யானை எந்த நீர்நிலைக்கு வருகிறது என்பதை வேட்டைக்காரர்களும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.