ஜெனோவா ஜி260 எஞ்சினில் போர்ட்டிங்: அரத்தை எடுப்பதற்கு முன் அளவை எடுங்கள்

நிஜக் காரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுள்ள பெட்ரோல் ஆர்.சி. (ரேடியோவால் இயக்கும்) கார்களில் ஓடும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பெரும்பாலும் புல்வெட்டும் இயந்திர எஞ்சின்களின் உடன்பிறப்புகள். எச்.பி.ஐ. பாஹா 5பி வைத்திருப்பவர்கள் விரும்பி மாட்டும் ஜெனோவா ஜி260-உம் அப்படித்தான். சிலிண்டர் விட்டம் 34 மி.மீ., ஸ்ட்ரோக் 28 மி.மீ., கொள்ளளவு 25.4 சி.சி. நீண்ட நேரம் பழுதில்லாமல் உழைக்க வேண்டும் என்ற கணக்கில் வடிவமைத்திருப்பதால், போர்ட்டுகளை, அதாவது சிலிண்டர் சுவரில் வாயு போய்வரும் துளைகளை, சிறியதாகவே விட்டிருக்கிறார்கள். அவற்றை வெட்டிப் பெரிதாக்குவதுதான் போர்ட்டிங். நாம் கை வைக்கப் போவது அந்த இடத்தில்தான்.

எஞ்சினைக் காரிலிருந்து இறக்குவது, கிளட்ச் பிரிப்பது, கார்புரேட்டரையும் சைலன்சரையும் கழற்றுவது ஆகியவை தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். சிலிண்டரை மட்டும் இப்போதைக்குக் கழற்ற வேண்டாம்.

முதலில் உச்சிப் புள்ளி

பிஸ்டன் உச்சிக்குப் போகும் புள்ளியை மெக்கானிக்குகள் டி.டி.சி. என்பார்கள். எல்லா அளவுகளும் இதிலிருந்தே தொடங்குவதால், இது பிசகினால் பின்னால் வரும் ஒவ்வொரு எண்ணும் பிசகும். ஸ்பார்க் பிளக் துளையில் ஸ்க்ரூடிரைவரை விட்டு, அது ஏறி நிற்கும் இடத்தை உச்சி என்று குறித்துக்கொள்வது பலரின் வழக்கம். இந்த எஞ்சினில் உச்சிக்கு இருபுறமும் 5 டிகிரி வரை பிஸ்டன் 0.1 மி.மீ. கூட நகர்வதில்லை. அதைக் கண்ணாலோ விரலாலோ பிடிக்க முடியாது.

சரியான வழி, பிஸ்டனைப் பாதியில் தடுத்து நிறுத்துவது. பழைய ஸ்பார்க் பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, அதன் உள்ளே முனை மழுங்கிய போல்ட் ஒன்றைப் பொருத்துங்கள். ஜி260-க்கு 10 மி.மீ. மரை உள்ள பிளக் வேண்டும். கிராங்கின் (பிஸ்டனோடு சுழலும் அச்சின்) முனையில் டிகிரிகள் குறித்த வட்டை இறுக்கிவிட்டு, ஒரு துண்டுக் கட்டுக்கம்பியை வளைத்து முள்ளாக வையுங்கள். கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றினால் பிஸ்டன் போல்ட்டில் முட்டி நிற்கும். முள் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எதிர்த்திசையில் சுற்றி, மறுபடி முட்டும் எண்ணையும் குறியுங்கள்.

பூஜ்யத்துக்கு ஒருபுறம் 38, மறுபுறம் 30 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 8, அதில் பாதி 4. முள்ளை 4 டிகிரி நகர்த்தினால் இருபுறமும் 34 காட்டும். அப்போது வட்டின் பூஜ்யம்தான் உண்மையான உச்சி. இனி முள்ளைத் தொடாதீர்கள். சட்டைக் கை பட்டால்கூட மறுபடி சோதிப்பதே நல்லது.

போல்ட்டை எடுத்துவிட்டு, எக்ஸாஸ்ட் போர்ட் (புகை வெளியேறும் துளை) வழியாக டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே கிராங்கைச் சுற்றுங்கள். பிஸ்டன் தலை இறங்கி, போர்ட்டின் மேல் விளிம்பில் ஒளிக்கீற்று தெரியும் கணத்தில் நிறுத்துங்கள். அங்கே 105 டிகிரி இருந்தால், 360-இல் 210 போக, எக்ஸாஸ்ட் திறந்திருப்பது 150 டிகிரி. டிரான்ஸ்ஃபர் போர்ட்டையும் (கிராங்க் அறையிலிருந்து கலவை மேலே வரும் துளை) இன்டேக்கையும் (கார்புரேட்டரிலிருந்து கலவை நுழையும் துளை) இதேபோல் அளந்து எழுதிவைத்துக்கொண்டு, அதன் பிறகே சிலிண்டரைக் கழற்றுங்கள்.

எதை வெட்டலாம்

முதல் எஞ்சினில் எக்ஸாஸ்டின் உயரத்தைத் தொடாமல் அகலத்தை மட்டும் கூட்டுங்கள் என்பது என் பிடிவாதமான கருத்து. மேல் விளிம்பை 0.5 மி.மீ. உயர்த்தினாலே மொத்தத்தில் ஏறக்குறைய 4 முதல் 5 டிகிரி கூடிவிடும். சக்தி மேல் ஆர்.பி.எம்.முக்குப் போய்விடும், வளைவிலிருந்து வெளியே வரும்போது கார் சோம்பும். டியூன்டு பைப் எனப்படும் சிறப்புப் புகைக்குழாய் இல்லாமல் உயர்த்துவது வீண் வேலை.

அகலத்துக்கு நான் வைத்திருக்கும் எல்லை, சிலிண்டர் விட்டத்தில் 65 விழுக்காடு. 34 மி.மீ.க்கு அது 22 மி.மீ. அதற்கு மேல் போனால் பிஸ்டன் ரிங் போர்ட்டுக்குள் பிதுங்கி மாட்டிக்கொள்ளும். மூலைகளை வளைவாகவே விடுங்கள். ரிங்கின் இரு முனைகளும் எந்தப் போர்ட்டின் மேலும் ஓடக் கூடாது. பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது அதன் பாவாடைப் பகுதி (கீழ்ச்சுவர்) எக்ஸாஸ்டை முழுதாக மூடுகிறதா என்றும் பாருங்கள். டிரான்ஸ்ஃபர் போர்ட்டுகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். தலையும் சிலிண்டரும் ஒரே வார்ப்பு என்பதால் அங்கே செங்கோண முனை உள்ள கருவி இல்லாமல் எட்டாது.

கருவியைப் பொறுத்தவரை, கனமான ரோட்டரி டூலைக் கையில் பிடித்து வெட்டுவதைவிட, கால் பெடலோடு கூடிய வளையும் ஷாஃப்ட்தான் எனக்குப் பிடிக்கும். சிலிண்டரின் உள்சுவரில் கடினமான உலோகப் பூச்சு இருக்கிறது. அதன் விளிம்பை முதலில் வைரப் பர்ரால் (சுழலும் சிறு வெட்டுமுனை) எடுத்து, பின்னர் பற்கள் அகன்ற கார்பைடு பர்ரால் அலுமினியத்தை வெட்டுங்கள். பர்ரை அடிக்கடி மண்ணெண்ணெயில் தொட்டுக்கொண்டால் அலுமினியம் பல்லில் அப்பாது. எதிர்ச்சுவரைக் காக்க, பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலிலிருந்து ஒரு பட்டை வெட்டிச் சுருட்டி உள்ளே நிறுத்துங்கள். பர் வழுக்கினால் அடி அதன்மேல் விழும். கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம்.

வெட்டி முடித்ததும், போர்ட் விளிம்பு முழுவதையும் நுண்ணிய கல்லால் மழுக்குங்கள். இதில் அவசரம் கூடாது. விரல் நகத்தை விளிம்பின் மேல் இழுத்தால் எங்கும் சிக்கக் கூடாது. கடைசியில் சோப்புக் கலந்த சுடுநீரில் கழுவி, உலர்ந்த உடனே எண்ணெய் தடவிவிடுங்கள்.

மாட்டிய பிறகு

சால்டரிங் ஈயக் கம்பியைப் பிளக் துளை வழியாகப் பிஸ்டன் பின் இருக்கும் திசையில் சுவர் வரை விட்டு, கிராங்கை ஒருமுறை சுற்றுங்கள். நசுங்கிய முனையின் தடிமன்தான் ஸ்க்விஷ் இடைவெளி, அதாவது உச்சியில் பிஸ்டன் விளிம்புக்கும் சிலிண்டர் தலைக்கும் நடுவே மிஞ்சும் இடம். 0.5 முதல் 0.6 மி.மீ. எனக்குத் திருப்தி. பெட்ரோலும் எண்ணெயும் 25:1, அதாவது லிட்டர் பெட்ரோலுக்கு 40 மி.லி. எண்ணெய். கார்புரேட்டரில் பெட்ரோலின் அளவை மாற்றும் இரண்டு ஊசிகளையும் ஒன்றரைச் சுற்றுத் திறந்து தொடங்கி, பெட்ரோல் அதிகமாக இருக்கும் பக்கத்திலிருந்தே மெல்லக் குறைத்து வாருங்கள். நம் பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது கலவையைச் சற்று வறளச் செய்யும், அதாவது காற்றோடு ஒப்பிட்டால் எரிபொருள் குறைவாக இருப்பது போலாகும். ஊசியை ஒரு துளி கூடுதலாகவே திறந்து வையுங்கள். ஓட்டி முடித்ததும் டேங்கைக் காலி செய்துவிடுங்கள்.

பிற்சேர்க்கை: சிலிண்டருக்கு அடியிலுள்ள கேஸ்கெட்டை எடுத்துவிட்டு அழுத்தத்தைக் கூட்டலாமா என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். கூட்டலாம். ஆனால் சிலிண்டர் கீழிறங்குவதால் எக்ஸாஸ்டும் டிரான்ஸ்ஃபரும் திறந்திருக்கும் நேரம் குறையும், இன்டேக் நேரம் கூடும். ஆகவே கேஸ்கெட்டை எடுப்பதாக இருந்தால் அதை முதலிலேயே எடுத்துவிட்டு, கேஸ்கெட்டுக்குப் பதில் சீலன்ட் பூசப் போகும் அதே நிலையில் டிகிரி அளவுகளையும் ஸ்க்விஷையும் எடுங்கள். கேஸ்கெட்டோடு அளந்த எண்கள் அதற்குப் பிறகு உதவாது.