பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

பிளஸ் டூ முடித்து ஆங்கில இலக்கியத்தில் சேர்கிற பலரிடமும், அவர்களைச் சேர்த்துவிடும் பெற்றோரிடமும் ஒரே கணக்குதான் இருக்கிறது: மூன்று வருடம் இந்த வகுப்பில் உட்கார்ந்தால் இங்கிலீஷ் சரளமாகப் பேச வந்துவிடும். வராது. பழைய ஆங்கிலக் கவிஞர் சாசரில் தொடங்கி கவிதை, நாடகம், நாவல், திறனாய்வு, கொஞ்சம் மொழியியல், கொஞ்சம் ஒலியியல் என்று போகும் படிப்பு இது. பேச்சுக்குத் தனியாகத்தான் உழைக்க வேண்டும். செமினார் எடுக்கும்போது தாளைப் பார்த்து ஒப்பிக்காமல் பேசிப் பார்ப்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

இதைவிடப் பெரிய வினை, கைடு. தேர்வுக்கு முந்தைய வாரம் கடையில் வாங்கி, சுருக்கத்தை மனப்பாடம் செய்து எழுதினால் பாஸ் ஆகிவிடலாம், மறுக்கவில்லை. ஆனால் மூலநூலைத் தொடாமலே பட்டம் வாங்கிவிட முடிகிறது என்பதுதான் ஆபத்து. ஹாம்லெட் நாடகத்தின் முதல் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவு, கோட்டைக் காவல். ‘யாரங்கே?’ என்று ஒரு குரல். கேட்பது காவலில் நிற்கும் பிரான்சிஸ்கோ அல்ல. அவனை மாற்றிவிட வருகிற பெர்னார்டோ. கேட்க வேண்டியவன் வாய்திறக்கும் முன், வருகிறவன் முந்திக்கொண்டு கேட்கிறான். எல்லோரும் எதற்கோ பயந்துபோயிருக்கிறார்கள் என்பது அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிடுகிறது. ‘ஹாம்லெட் தயங்குகிறான்’ என்று பத்துப் பாயின்ட் தரும் கைடில் இதைத் தேடினால் கிடைக்காது.

இப்படி வரிக்கு வரி உற்றுப் படிக்கும் கண்ணுக்குத்தான் வெளியே சம்பளம் கொடுக்கிறார்கள். வெளிநாட்டு ஆய்விதழ்களையும் பாடநூல்களையும் அச்சுக்குத் தயார்செய்யும் நிறுவனங்கள் சென்னையிலும் புதுச்சேரியிலும் நிறைய உண்டு. அங்கே காப்பி எடிட்டர் வேலை எப்படிப்பட்டது என்றால், கட்டுரைக்குள் 2014 என்று ஒரு மேற்கோள் இருக்கும், பின்னாலுள்ள நூற்பட்டியலில் அதே நூலுக்கு 2015 என்று போட்டிருக்கும்; அதைப் பிடிக்க வேண்டும். இலக்கணப் பிழையைப் பிடிக்கிறவர்களுக்குக்கூட இது கண்ணில் படாமல் போகும். ஆரம்பச் சம்பளம் சுமார்தான், ஆனால் கற்றுக்கொள்ள நல்ல இடம். மென்பொருள் நிறுவனங்களில் டெக்னிக்கல் ரைட்டர், பத்திரிகை, விளம்பர எழுத்து என்று போகிறவர்களுக்கும் இதே பழக்கம்தான் கைகொடுக்கும். மூன்றாம் வருடக் கடைசியில் விழித்துக்கொண்டு ‘என்ன எழுதியிருக்கிறீர்கள், காட்டுங்கள்’ என்ற கேள்விக்கு மதிப்பெண் பட்டியலை நீட்டினால் வேலைக்கு ஆகாது.

தமிழைக் கைவிடுவது இன்னொரு தவறு. மார்க் சுலபமாக வருகிறது என்று பார்ட் ஒன் மொழிப்பாடத்தில் பிரெஞ்சு எடுத்துவிட்டு, மூன்று வருடம் தமிழில் ஒரு பத்தி எழுதாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். மொழிபெயர்ப்பு, சப்டைட்டில், செயலிகளைத் தமிழுக்குக் கொண்டுவரும் வேலை எல்லாவற்றுக்கும் இரண்டு கையும் வேண்டும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவரை இந்த வேலைகளுக்கு யாரும் தேடுவதில்லை.

எம்.ஏ.வுக்கு அதே கல்லூரியிலேயே விண்ணப்பித்துவிட்டு இருந்துவிட வேண்டாம். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரி, ஹைதராபாத் போன்ற இடங்களுக்கு சி.யு.இ.டி. பி.ஜி. என்ற முதுகலைப் பொது நுழைவுத் தேர்வு உண்டு. ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்கள் நடத்தும் கேட் (GATE) தேர்விலும் 2021 முதல் ஹியூமானிட்டீஸ், சமூக அறிவியல் தாளில் ஆங்கிலம் ஒரு பிரிவாக இருக்கிறது. விண்ணப்பக் கெடு இறுதி செமஸ்டர் முடிவதற்கு வெகு முன்பே முடிந்துவிடும் என்பதைக் கவனிக்காமல் ஒரு வருடத்தை விடுகிறவர்கள் அதிகம்.

சரி, வாத்தியார் வேலை. ‘கடைசியில் எப்படியும் அது இருக்கிறது’ என்று சொல்லிக்கொள்கிறவர்கள் பாதையைப் பார்ப்பதில்லை. பி.எட். 2015 முதல் இரண்டு வருடம். அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டின் இரண்டாம் தாளில் தேற வேண்டும். முதுகலை ஆசிரியர் என்றால் எம்.ஏ.வும் பி.எட்.டும் இரண்டும் தேவை. கல்லூரியில் கற்பிக்க, தேசிய அளவில் நடக்கும் நெட் அல்லது மாநில அளவில் நடக்கும் செட் தகுதித் தேர்வு. நெட் எழுத பொதுப்பிரிவினருக்கு எம்.ஏ.வில் 55 சதவீதம் வேண்டும். ‘எம்.பில். முடித்துவிட்டால் போதும்’ என்று மூத்தவர்கள் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022 விதிமுறைகளோடு அந்தப் படிப்பு நிறுத்தப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகும் சில இடங்களில் சேர்க்கை நடத்தினார்கள் என்று யு.ஜி.சி.யே 2023 டிசம்பரில் எச்சரிக்க வேண்டிவந்தது.

கடைசியாக, அநேகமாக யாரும் சேரும்போது பார்க்காத ஒன்று: பட்டத்தின் பெயர். ஃபங்ஷனல் இங்கிலீஷ், கம்யூனிகேடிவ் இங்கிலீஷ் என்று கவர்ச்சியான பெயர்களில் படிப்புகள் இருக்கின்றன. பாடம் நன்றாகவே இருக்கலாம். ஆனால் அரசுப் பணித் தேர்வில் சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் ‘இது பி.ஏ. ஆங்கிலத்துக்கு இணையா?’ என்று கேட்பார்கள். இணைத்தன்மை அரசாணை இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லையென்றால் தேர்வில் எடுத்த மதிப்பெண் எவ்வளவானாலும் ஃபைல் அங்கேயே நின்றுவிடக்கூடும். சேர்க்கைக் கட்டணம் கட்டும் முன்பே கல்லூரி அலுவலகத்தில் அந்த அரசாணையின் எண்ணைக் கேட்டு, நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ‘அதெல்லாம் இருக்கும் சார்’ என்கிற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.