கத்தரிப் பூவுக்கு எந்தத் தேனீ?

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீட்டின் தாழ்வாரத்திலும் சமூகத் தோட்டத்திலும் காய்கறி வளர்ப்பவர்கள், பூத்த பூவெல்லாம் உதிர்ந்து காய் பிடிக்காமல் போகும்போது முதலில் உரத்தையே மாற்றிப் பார்க்கிறார்கள். அதற்கு முன், அந்தப் பூவுக்கு ஏற்ற தேனீ அங்கே வருகிறதா என்று பார்ப்பது நல்லது.

கத்தரிப் பூவில் தேன் கிடையாது. மகரந்தம் மட்டுமே உண்டு. அதுவும் கூம்பாகக் குவிந்த மஞ்சள் பைகளுக்குள் அடைபட்டு, நுனியில் உள்ள நுண்துளை வழியாக மட்டுமே, உப்புக் குப்பியைக் குலுக்கினாற்போல் உதிரும். கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சன் தேனீயும், வயிற்றில் நீலக் கோடுகள் கொண்ட நீலப்பட்டைத் தேனீயும் பூவைப் பற்றிக்கொண்டு, இறக்கையை விரிக்காமலேயே பறக்கும் தசைகளை அதிரவைத்து மகரந்தத்தைக் கொட்டச் செய்கின்றன. தேன்கூடு கட்டும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. ஆகவே கத்தரிக்காகவும் தக்காளிக்காகவும் தேன்பெட்டி வைக்க நினைப்பது வீண்வேலை என்பதே என் கருத்து. அடுக்குமாடியில் அண்டை வீட்டாரின் அச்சமும் அதோடு சேரும்.

காலை ஏழரை மணிக்கு மேல் செடியருகே பத்து நிமிடம் அசையாமல் நின்று கேளுங்கள். பூவில் அமர்ந்ததும் ரீங்காரம், பறக்கும்போது இருந்ததைவிடக் கூர்மையாக ஒலித்தால், வரவேண்டிய தேனீ வந்துவிட்டது என்று பொருள். சில நாள் பார்த்தும் வராவிட்டால், மின்சாரப் பல்துலக்கியின் பின்புறத்தைப் பூக்காம்பில் ஓரிரு நொடி தொட்டு எடுத்தால் போதும். உயரமான மாடிகளில் இருப்பவர்களுக்கு இதுவே எளிய வழி.

பூசணியின் கதை வேறு. அதில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. பெண் பூவின் அடியில் பிஞ்சு தெரியும், ஆண் பூ மெல்லிய காம்பில் நிற்கும். விடியலில் விரியும் பூ முற்பகலுக்குள் வாடிவிடுவதால், தேனீ வராத நாளில் காலையிலேயே ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் தடவ வேண்டும். பீர்க்கு மாலையில் விரிவது, காலையில் தேடி ஏமாறாதீர்கள்.

தேனீ தங்குவதற்கும் இடம் வேண்டும். தச்சன் தேனீ காய்ந்த கட்டையில் துளையிட்டு முட்டையிடும். தோட்ட மூலையில் ஒரு பட்ட கிளையை விட்டுவைத்தால் போதும். இலைவெட்டித் தேனீக்கு, ஒரு முனை கணுவால் அடைபட்ட மூங்கில் குழாய்களை ஏறக்குறைய 15 செ.மீ. நீளத்தில் வெட்டி, மழை படாத இடத்தில் கட்டித் தொங்கவிடலாம். குழாய் மிகக் குட்டையாக இருக்கக் கூடாது. உள்பக்கம் பெண் முட்டைகளும் வாய்ப்பக்கம் ஆண் முட்டைகளும் இடப்படுவதால், குட்டைக் குழாயில் பெண் தேனீக்கள் குறையும். நம் ஊர் ஈரத்தில் மூங்கில் பூஞ்சை பிடிக்கும்; காலியான பழைய குழாய்களை அவ்வப்போது மாற்றுங்கள்.

துளசியும் திருநீற்றுப்பச்சிலையும் கதிர்விடட்டும், கிள்ளிவிடாதீர்கள். கொசுத்தேனீ அவற்றைத் தேடி வரும். வேப்பெண்ணெய் தெளிப்பதானால், இருட்டிய பிறகு, பூவில் படாமல் தெளிக்க வேண்டும். தண்ணீர் வைக்கும் தட்டில் கூழாங்கற்களை நிரப்பி, தினமும் கொட்டிக் கழுவுவது கட்டாயம்; டெங்கிக் கொசு சுமார் ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும்.

எப்போதாவது ஒரு கிளையில் தேனீக்கள் கொத்தாகத் தொங்கக் கண்டால் கலைக்க வேண்டாம். புதுக்கூடு தேடிப் புறப்பட்ட கூட்டத்துக்குக் காக்கக் குஞ்சும் தேனும் இல்லாததால், சீண்டாதவரை அது பெரும்பாலும் சாதுவாகவே இருக்கும். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ நகர்ந்துவிடும். நகராமல் கூடு கட்டத் தொடங்கினால், வீவக வளாகத்தில் நகர மன்றத்துக்கும் பூங்காவில் தேசியப் பூங்காக் கழகத்துக்கும் தெரிவியுங்கள். கூட்டை அழிக்காமல் இடம் மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். கொட்டுப்பட்டவர் மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ தாமதிக்காமல் 995ஐ அழைக்க வேண்டும்.