சோலைமந்தி எண்ணும்போது சறுக்கும் இடங்கள்

ஆனைமலைக் காட்டில் சோலைமந்தி (சிங்கவால் குரங்கு) எண்ணப் புதிதாக வருகிறவர்களின் குறிப்பேட்டைப் புரட்டினால், அதே நாலைந்து பிழைகள்தான் மறுபடி மறுபடி வரும். சத்தம் போடாதே, பளிச் சட்டை போடாதே என்பதெல்லாம் தெரிந்த கதை. அதை விடுங்கள்.

கருப்பெல்லாம் சோலைமந்தி என்பது

அதே மரத்தில் நீலகிரிக் கருமந்தியும் உட்கார்ந்திருக்கும். வாலைப் பாருங்கள். கருமந்திக்கு உடம்பைவிட நீளமான வால், நேராகத் தொங்கும். சோலைமந்திக்குக் குட்டை வால், நுனியில் குஞ்சம். முகத்தைச் சுற்றிச் சாம்பல் பிடரிமயிர்.

பிடரி இருந்தால் ஆண் என்பது

பெண்ணுக்கும் உண்டு.

மேயும்போது எண்ணுவது

எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். வெடிப்பலா மரத்தில் கூட்டம் மேய்கிறது. கீழே நின்று அண்ணாந்து எண்ணி, "மொத்தம் 11" என்று எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். மறுநாள் அதே கூட்டம் 17 ஆகியிருக்கும். இரவோடு இரவாகக் குட்டி போட்டதா என்ன? மேயும் கூட்டம் பல மரங்களில் சிதறிக் கிடக்கும். பாதி இலைக்குள் மறைந்திருக்கும். தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்ட குட்டி கீழிருந்து கண்ணில் படவே படாது.

ஒரு குட்டி விட்டுப்போனால் என்ன என்று கேட்பார்கள். கணக்குப் போடுங்கள். ஒரு பெண் குரங்கு குட்டி ஈனுவது ஏறக்குறைய மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான். கூட்டத்தில் ஒன்பது பெண்கள் என்றால் வருடத்துக்கு மூன்று குட்டி. அதில் ஒன்றை விட்டால் பிறப்புக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு காலி.

கூட்டம் நகரும் திசையில் முன்னால் போய், கிளைகள் ஒன்று சேராத இடைவெளியாகப் பார்த்து நில்லுங்கள். வால்பாறை புதுத்தோட்டம் எஸ்டேட்டில் சாலைக்கு மேல் மரத்துக்கு மரம் கட்டிய பாலங்கள் இதற்கு அருமையான இடம். ஒவ்வொன்றாகத்தான் தாண்டும். ஒருவர் தொலைநோக்கியில் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் எழுத வேண்டும்: வளர்ந்த ஆண், வளர்ந்த பெண், இளசு, குட்டி. முகம் வெளிர் ரோஜா நிறம், பிடரி இல்லை என்றால் பிறந்து சில வாரங்களே ஆன குட்டி. கடைசிக் குரங்கு போனபின்னும் கால்மணி நேரம் நில்லுங்கள், பின்தங்கியது வரும். வேறு வேறு நாளில் மூன்று முறையாவது எண்ணி, தொகை ஒத்துப்போனால் மட்டும் பதியுங்கள்.

தீனி காட்டி வரவழைப்பது

வேண்டவே வேண்டாம்.

"பழந்தின்னி" என்று எழுதுவது

பலாச்சுளை தின்பது எல்லோர் கண்ணிலும் படும். பட்டையை உரித்து, பாசியைக் கிளறி, காய்ந்த இலைச்சுருளைப் பிரித்துப் பூச்சியை வாயில் போடுவது ஒரு நொடி வேலை. அது குறிப்பில் ஏறுவதில்லை. கன்னப்பையில் அடக்கிய பழத்தை வேறு மரத்தில் உட்கார்ந்து மெல்லும். வாய் அசைகிறதென்று அந்த மரத்தின் பெயரை எழுதிவிடாதீர்கள். கை எதைப் பறித்தது என்று பார்த்து எழுதுங்கள்.