ஓட்டிய கிலோமீட்டருக்குப் பயணப்படியும் வரிக்கழிவும் பெறுவது எப்படி?

உர நிறுவனப் பிரதிநிதி, மருந்துப் பிரதிநிதி, காப்பீட்டு முகவர், நெல் வியாபாரி எனக் காவிரி டெல்டாவில் வண்டியை நம்பியே தொழில் நடத்துவோர் ஏராளம். இவர்களில் பலர் பெட்ரோல் ரசீதுகளை மட்டும் சேர்த்துவைத்து, மார்ச் முடிந்ததும் அந்தக் கட்டை ஆடிட்டரிடம் கொடுக்கிறார்கள். பெட்ரோல் போட்டதற்குத்தான் ரசீது சாட்சி. எங்கே, யாரைப் பார்க்க, என்ன வேலையாகப் போனோம் என்பதற்கு அன்றன்றைக்கு எழுதிய பயணப் பதிவேடே சாட்சி. உழைத்து ஓட்டியவருக்குச் சேரவேண்டிய பணம் பதிவேடு இல்லாத ஒரே காரணத்தால் கைநழுவிப் போகக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் மைலுக்கு இவ்வளவு என்று வரித்துறையே ஆண்டுதோறும் ஒரு தொகையை அறிவிக்கிறது. நம் வருமான வரிச் சட்டத்தில் அத்தகைய பொது விகிதம் கிடையாது. கிலோமீட்டருக்கு எவ்வளவு என்பதைச் சம்பளக்காரருக்கு அவருடைய நிறுவனம் முடிவு செய்கிறது. சொந்தத் தொழில் செய்பவர் உண்மையில் ஆன செலவையே கணக்கில் காட்ட வேண்டும்.

பதிவேட்டுக்கு ஒரு சாதாரண நீள நோட்டே போதும். தேதி, புறப்படும்போதும் திரும்பியபோதும் ஓடோமீட்டர் காட்டிய எண், சென்ற ஊர், சந்தித்தவர், வேலை, செலவு ஆகியவற்றை அன்றைக்கே எழுத வேண்டும். எடுத்துக்காட்டாக: ‘ஜனவரி 21. கும்பகோணம் – வலங்கைமான் – நீடாமங்கலம் – மன்னார்குடி, திரும்ப கும்பகோணம். 24,318 முதல் 24,398 வரை, 80 கி.மீ. மூன்று உரக்கடைகளில் ஆர்டரும் நிலுவை வசூலும். பெட்ரோல் 200 ரூபாய்.’ வெறுமனே ‘வெளியூர் வேலை’ என்று எழுதினால் அந்த வரிக்கு மதிப்பில்லை. வடகிழக்குப் பருவமழையில் சாலை மூழ்கியோ, ரயில்வே கேட்டைத் தவிர்க்கவோ சுற்றுவழியில் போயிருந்தால் காரணத்தையும் குறித்துவைக்க வேண்டும். ஏனெனில் வழக்கமான தூரத்தைவிடக் கிலோமீட்டர் கூடியிருப்பதைத்தான் சரிபார்ப்பவர் முதலில் கேட்பார். குறுவை, சம்பா நடவுக் காலங்களில் உரப் பிரதிநிதியின் ஓட்டம் கூடுவதும், கோடையில் அது குறைவதும் இயல்பு. பன்னிரண்டு மாதமும் ஒரே கிலோமீட்டரைக் காட்டும் பதிவேடுதான் சந்தேகத்தைக் கிளப்பும். பெட்ரோல் பங்க் தரும் ரசீது சில மாதங்களில் எழுத்து மங்கி வெற்றுத்தாளாகிவிடும் என்பதால், வாங்கிய அன்றே கைபேசியில் படமெடுத்துவைப்பது நல்லது. திருச்சி சாலையில் வாழவந்தான்கோட்டை சுங்கச்சாவடியைக் கடப்பவர்களுக்கு ஃபாஸ்டேக் கணக்கு அறிக்கையும் நல்ல துணை ஆதாரம்.

இனி சட்டத்துக்கு வருவோம். கீழே வரும் பிரிவு எண்களும் தொகைகளும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியானவை. 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறியுள்ளதால், அதற்குப் பிந்தைய வருமானத்துக்குப் புதிய எண்களையும் வரம்புகளையும் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சம்பளக்காரர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, வீட்டிலிருந்து அலுவலகம் போய்வருவது அலுவல் பயணம் ஆகாது என்பதே. அதற்கு முன்பு இருந்த மாதம் 1,600 ரூபாய் விலக்கு 2018-19 நிதியாண்டிலிருந்து நீக்கப்பட்டு, அதன் இடத்தில் நிலையான கழிவு வந்தது. அலுவல் பயணத்துக்காக நிறுவனம் தரும் படிக்குப் பிரிவு 10(14)(i) வரிவிலக்கு அளிக்கிறது. பழைய, புதிய என இரு வரி முறைகளிலும் இது உண்டு. ஆனால் உண்மையில் செலவான தொகைக்கு மட்டுமே விலக்கு; மிச்சம் சம்பளத்தோடு சேர்ந்துவிடும். நிறுவனம் எதுவும் தராத நிலையில், கைக்காசு போட்டு ஓட்டிய பெட்ரோலை ஊழியர் தாமாகவே வரிக்கணக்கில் கழித்துக்கொள்ளச் சட்டத்தில் வழியில்லை. எனவே வேலையில் சேரும்போதே, சம்பளத்தின் ஒரு பகுதியைப் பயணப்படியாகப் பிரித்துத் தருமாறு கேட்பதும், மாதாமாதம் பதிவேட்டின் நகலோடு பில் கொடுப்பதும் மிக அவசியம். சொந்தக் காரை முழுக்க அலுவலுக்கே பயன்படுத்தி அதன் செலவை நிறுவனத்திடம் பெறுபவருக்கு, பயண விவரப் பதிவேட்டோடு நிறுவனத்தின் சான்றும் தேவை.

சொந்தத் தொழில் செய்பவருக்குப் பிரிவு 37(1) உள்ளிட்ட தொழில் செலவுப் பிரிவுகள் வழிவிடுகின்றன. பெட்ரோல், பழுது, காப்பீடு, வண்டிக்கடனின் வட்டி ஆகியவற்றில் தொழிலுக்குரிய பங்கைக் கழிக்கலாம். கடனின் அசலைக் கழிக்க முடியாது. ஆண்டில் 15,000 கி.மீ. ஓடிய காரில் 9,000 கி.மீ. தொழிலுக்காக என்றால் பங்கு 60 சதவீதம். மொத்தச் செலவு 1,50,000 ரூபாய் என்றால் 90,000 ரூபாய் கழியும். காரின் மதிப்பு 6,00,000 ரூபாயாக இருந்தால் 15 சதவீதத் தேய்மானமான (வண்டி பழசாவதால் குறையும் மதிப்புக்கான கழிவு) 90,000 ரூபாயில் 54,000 ரூபாயும் சேரும். வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் தேய்மானம் பாதிதான். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு ஏற்கப்படாது. ஆகவே எஞ்சின் வேலை போன்ற பெரிய பில்லை வங்கி வழியாகவே கட்ட வேண்டும்.

சிறு தொழில்களுக்கான உத்தேச லாப முறையான பிரிவு 44AD-யின்படி விற்றுமுதலில் (ஆண்டின் மொத்த விற்பனையில்) 8 அல்லது 6 சதவீதத்தை லாபமாகக் காட்டுபவர் வண்டிச் செலவைத் தனியே கழிக்க முடியாது. கமிஷன் வருமானம் பெறும் காப்பீட்டு முகவர் இந்தப் பிரிவுக்குள் வரமாட்டார் என்பதால், அவருக்குப் பயணப் பதிவேடு மற்ற எல்லோரையும்விட முக்கியம்.

நம் பகுதியில் அடிக்கடி குழம்பும் இடம் இன்னொன்று உண்டு. கும்பகோணத்தில் கடை வைத்திருப்பவருக்கு ஊரில் ஒரு வேலி நிலமும் இருக்கும். வயலுக்குப் போய்வருவதும், நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு நெல்லோடு போவதும் விவசாயப் பயணங்கள். விவசாய வருமானத்துக்கு வரிவிலக்கு இருப்பதால், அதற்கான செலவைக் கடைக் கணக்கில் ஏற்றக்கூடாது. பதிவேட்டில் அத்தகைய நாளை ‘வயல்’ என்று தனியே குறித்து, தொழில் கிலோமீட்டரில் சேர்க்காமல் விட வேண்டும். நோட்டையும் ரசீதுகளையும் அந்தந்த மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் ஈட்டிய நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்தபின் 6 ஆண்டுகள் வரை வைத்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் ஊர்களில், படமெடுத்த பிரதி ஒன்றை ஆடிட்டரிடமும் கொடுத்துவைக்கலாம்.